இலத்தியும் பாதணியும்: ஒரு விசாரணை

குதிரையைப் பற்றி எழுதியவர்கள் ஏராளம். குதிரை லாயத்தைக் கூட்டுகிறவர் காலில் என்ன போட்டிருந்தார் என்று எழுதியவரைத்தான் தேட வேண்டியிருக்கிறது. கி.மு. நான்காம் நூற்றாண்டில் கிரேக்கரான செனபோன் குதிரையேற்றத்துக்கென்றே தனி நூல் எழுதினார். சவாரி செய்பவரின் முழங்காலுக்குக் கீழே உள்ள பகுதி போரில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், ஆகவே செருப்புத் தைக்கும் தோலாலேயே அதற்கும் உறை செய்து மாட்டுங்கள் என்கிறார். குளம்பு கெட்டிப்பட வேண்டுமானால் லாயத்துக்கு வெளியே நான்கைந்து வண்டி உருண்டைக் கற்களைக் கொட்டிப் பரப்பிக் குதிரையை அதன்மேல் நிற்க வையுங்கள் என்கிறார். இலத்தியையும் பழைய வைக்கோலையும் தினமும் ஓரிடத்தில் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும் என்று குதிரைக்காரருக்கும் வேலை சொல்கிறார். ஆக, மேலே உட்கார்ந்திருப்பவர் காலுக்கு ஒரு விதி உண்டு, குதிரையின் காலுக்கு ஒரு விதி உண்டு, இலத்தியை அள்ளிக்கொண்டு நடக்கிறவர் காலுக்கு மட்டும் விதி இல்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோவும் அப்படித்தான். ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகள் கப்பலில் வந்து இறங்கியதையும், வளர்க்கத் தெரியாமல் அவை மடிந்துபோனதையும் வருந்தி எழுதினார். அந்தக் கொட்டில்களில் நின்றவர்களின் காலைக் குனிந்து பார்க்க அவருக்கும் நேரமில்லை. இருபத்து நான்கு நூற்றாண்டுக் காலக் குறையை ஒரு கட்டுரையில் தீர்த்துவிட முடியாதுதான். யாராவது தொடங்கியாக வேண்டும் என்பதால் தொடங்குகிறோம்.

இத்துறைக்குப் பழைய சான்று ஒன்றே ஒன்று உண்டு, அதுவும் மறைமுகமானது. கிரேக்கப் புராணத்தில், ஆஜியஸ் மன்னனின் தொழுவத்தை ஒரே நாளில் சுத்தம் செய்யும்படி ஹெர்குலிஸுக்குக் கட்டளை. முப்பது ஆண்டுகளாக யாரும் கை வைக்காத தொழுவம் அது. சிங்கத்தை வெறும் கையால் நெரித்துக் கொன்றவன், இங்கே மட்டும் உள்ளே காலெடுத்து வைக்காமல், ஆல்ஃபியஸ், பெனியஸ் என்ற இரண்டு ஆறுகளைத் திருப்பிவிட்டு வெளியே நின்றுகொண்டான். இதை அவன் சாமர்த்தியம் என்று புகழ்வது வழக்கம். எமது கருத்து வேறு. உடல் வலிமையில் குறையில்லாத ஒருவன் ஆற்றையே திருப்பும் அளவுக்குப் போகிறான் என்றால், உள்ளே போட்டுக்கொண்டு நடக்கத்தக்க பாதணி அவனிடம் இல்லை என்பதே பொருந்தும். அஃதேல், அங்கே இருந்தவை மாடுகளல்லவா, குதிரை லாயத்துக்கு அது எப்படிச் சான்றாகும் எனின், மாட்டுத் தொழுவத்துக்கே ஆறு தேவைப்பட்டது என்பது எம் வாதத்தை வலுப்படுத்துமே ஒழியக் குறைக்காது. கையருகே ஆறு இல்லாதவர்கள் பூட்ஸைத்தான் நம்ப வேண்டும்.

எப்படிப்பட்ட பூட்ஸ் என்று கேட்டால் உலகம் உடனே குளம்பைக் காட்டும். அரை டன் மிருகம் காலை மிதித்துவிட்டால் என்ன ஆகும் என்பதே எல்லார் வாயிலும் முதல் கேள்வி. அதனால் லாயத்து பூட்ஸ் என்பது ஒரு கவசம், அது எவ்வளவு கனமாகவும் கெட்டியாகவும் இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்ற கொள்கை வேரூன்றிவிட்டது. இக்கட்டுரை அதை மறுக்கிறது. குளம்பு மிதிப்பது எப்போதாவது. தினமும், இடைவிடாமல், சத்தமில்லாமல் பூட்ஸை அழிப்பது குதிரையின் மூத்திரம். ஆகவே லாயத்து பூட்ஸைக் கவசம் செய்யும் கொல்லரின் கண்ணால் பார்க்கக் கூடாது, தோல் பதனிடுபவரின் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது எம் துணிபு.

அளவுகளிலிருந்து தொடங்குவோம். சுமார் 450 கிலோ எடையுள்ள ஒரு குதிரை நாளொன்றுக்கு ஏறக்குறைய 14 கிலோ இலத்தியும் 9 லிட்டர் மூத்திரமும் தருகிறது. பத்துக் குதிரை உள்ள லாயத்தில் அது 90 லிட்டர். இலத்தியைப் பற்றி நமக்குப் பெரிய புகார் இல்லை. அது பெரும்பாலும் செரிக்காத புல், தட்டினால் உதிரும், உலர்ந்தால் மணம்கூட அடங்கிவிடும். மூத்திரம் அப்படியல்ல. குதிரையின் மூத்திரம் இயல்பிலேயே காரத்தன்மை கொண்டது. சுண்ணாம்புச் சத்து கலந்து கலங்கலாக இருக்கும், அதனால்தான் லாயத்து பூட்ஸின் ஓரத்தில் வெள்ளைப் படலம் படிகிறது. வைக்கோலில் ஊறியதும் அதிலுள்ள யூரியாவை நுண்ணுயிர்கள் உடைத்து அம்மோனியாவாக்குகின்றன. காலையில் லாயக் கதவைத் திறந்ததும் கண்ணைக் கரிக்க வைக்கும் அந்த நெடி அதுதான். கண்ணையே கரிக்கிற ஒன்று காலடியில் ஆறேழு மணி நேரம் கிடந்தால் தோலுக்கு என்ன செய்யும் என்பதே கேள்வி.

இங்கேதான் விசாரணை சுவையாகிறது. தோல் தோலாக இருப்பது அமிலத்தின் தயவால். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ராணிப்பேட்டையிலும் பச்சைத் தோல் முதலில் சுண்ணாம்புக் குழிக்குப் போகிறது. அந்தக் காரத்தில் ஊறித்தான் மயிர் கழன்று, நார்கள் விரிந்து கொடுக்கின்றன. பிறகு சுண்ணாம்பை நீக்கி, அமிலத்தில் ஊறவைத்து, குரோமிய உப்போ மரப்பட்டைச் சாறோ ஏற்றிப் பதனிட்டு, கடைசியில் எண்ணெய் ஊட்டி மென்மையாக்குகிறார்கள். பதனிட்டு முடிந்த தோல் இலேசான அமிலத்தன்மையோடுதான் கடைக்கு வருகிறது. சுண்ணாம்பு வசதி வருவதற்கு முந்திய காலங்களில், பல நாடுகளில் மயிர் நீக்கப் பயன்பட்டது எது தெரியுமோ? புளித்த மூத்திரம். ஆக, விலையுயர்ந்த தோல் பூட்ஸைப் போட்டுக்கொண்டு ஈர வைக்கோலில் நிற்பவர், பதனிடும் தொழிலின் முதல் கட்டத்தை, முடிந்துபோன தோலின்மேல் மறுபடியும் நடத்திக்கொண்டிருக்கிறார். காரம் ஏற ஏறத் தோலிலுள்ள எண்ணெய் வெளியேறுகிறது. நார்கள் விறைக்கின்றன. கட்டைவிரல் மடங்கும் இடத்தில் முதல் வெடிப்பு தோன்றுகிறது. தையல் பருத்தி நூலாக இருந்தால் தோலுக்கு முன்பே அது இற்றுவிடும். பிறகு மேல்தோலும் சோலும் விரல் நுழையுமளவு வாய் பிளக்கும். கடைக்காரரிடம் கொண்டுபோனால் பிராண்ட் சரியில்லை என்பார். பிராண்ட் மேல் பழியில்லை. தோல் பின்னோக்கி நடந்து மறுபடியும் மாடாகப் பார்க்கிறது, அவ்வளவுதான்.

தோல் கட்சியினர் இதற்குச் சும்மா இருக்க மாட்டார்கள். குதிரையும் தோலும் காலங்காலமாகச் சேர்ந்தே வந்தவை, சேணமும் கடிவாளமும் தோலல்லவா, வெலிங்டன் பிரபுவின் பூட்ஸே தோல்தானே என்பார்கள். உண்மைதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெலிங்டன் பிரபு லண்டன் செயின்ட் ஜேம்ஸ் தெருவிலிருந்த ஹோபி என்ற செருப்புத் தைப்பவரிடம், அன்றைய ஹெஸ்ஸியன் பூட்ஸைக் காலோடு ஒட்டி வரும்படி மாற்றித் தரச் சொன்னார். அது கன்றுக்குட்டித் தோலில் வந்தது. ஆனால் பிரபு குதிரைமேல் இருந்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். வாட்டர்லூ போரில் அவர் செய்த எத்தனையோ காரியங்களில் லாயம் கூட்டியது இல்லை. சேணம் குதிரையின் முதுகில் இருக்கிறது, கடிவாளம் வாயில் இருக்கிறது, இரண்டும் மூத்திரத்துக்கு எட்டாத உயரம். தோலின் பெருமையெல்லாம் முழங்காலுக்கு மேலே நடந்த வரலாறு. கீழே நடந்ததை ரப்பர்தான் எழுதியது. சார்லஸ் குட்இயர் 1844-ல் ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கிக் கெட்டிப்படுத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அந்த உரிமையை வாங்கிய ஹைரம் ஹட்சின்சன் 1853-ல் பிரான்சில் ரப்பர் காலணி செய்யத் தொடங்கினார். முதல் உலகப் போரில் பதுங்கு குழிச் சேற்றில் நின்ற பிரிட்டிஷ் சிப்பாய்களுக்காக எடின்பரோவின் நார்த் பிரிட்டிஷ் ரப்பர் கம்பெனி ஏறத்தாழ 12 லட்சம் ஜோடி செய்து கொடுத்தது. இன்று இங்கிலாந்தில் வெலிங்டன் என்றால் ரப்பர் பூட்ஸ்தான். பிரபுவின் பெயர் மிஞ்சியது, அவருடைய தோல் மிஞ்சவில்லை. ஈரம் வென்றதற்கு இதைவிடத் தெளிவான ஆவணம் வேண்டுமா?

ரப்பர் பூட்ஸை ஒரேயடியாகத் தூக்கி வைப்பதும் ஆய்வாளனுக்கு அழகல்ல. கம்பூட்ஸ் என்று நாம் சொல்லும் அந்த ரப்பர் பூட்ஸுக்குள் மூத்திரம் போகாது. வியர்வை வெளியேயும் போகாது. கிண்டி வெயிலில் முழங்கால் உயர ரப்பரைப் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் கூட்டினால், வெளியில் உள்ள ஈரத்துக்குப் போட்டியாக உள்ளே ஒரு ஈரம் தயாராகிவிடும். விரலிடுக்கில் வெள்ளையாகத் தோல் உப்பி, சேற்றுப்புண் வந்து சேரும். அடுத்த குறை சாக்ஸ். கம்பூட்ஸுக்குள் சாக்ஸ் நடக்க நடக்கக் குதிகாலைவிட்டு இறங்கி விரல் நுனியில் போய்ச் சுருண்டுகொள்கிறது. உலகம் முழுவதும் ஒரே மாதிரி நிகழும் இதற்கு ஒரு விதி வகுத்து யாராவது தம் பெயரைச் சூட்டிக்கொள்ளலாம், இடம் காலியாக இருக்கிறது. காரணம் ஒன்றும் மர்மமில்லை: குதிகால் பகுதி தொளதொளவென்று இருந்தால் ஒவ்வொரு அடிக்கும் கால் மேலெழும்பி இறங்கும், சாக்ஸ் அந்த உராய்வில் இழுபடும். எனவே கம்பூட்ஸின் உயரத்தையும் நிறத்தையும் பார்ப்பதற்கு முன் குதிகால் பிடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். மலிவான பி.வி.சி. பூட்ஸ் குளிரில் விறைத்து மடிப்பில் வெடிக்கும். இயற்கை ரப்பர் வளைந்து கொடுக்கும், ஆனால் வெயிலில் போட்டு வைத்தால் பொடிப்பொடியாக வெடிப்பு விடும். 1930-களில் டுபான்ட் கம்பெனி வெளியிட்ட நியோப்ரீன் என்ற செயற்கை ரப்பரைப் பஞ்சுபோல் உப்ப வைத்துச் செய்த பூட்ஸ் இங்கிலாந்தின் ஜனவரிக்கும் ஊட்டிக் குளிருக்கும் இதம். சென்னையில் அதைப் போட்டுக்கொள்பவர் தம் கால்களை இட்லிப் பானையில் வைத்தவராவார்.

இனி இரும்புமுனைக் கட்சி. சேஃப்டி ஷூ விற்கும் கடைகளில் ஸ்டீல் டோ என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்களே, அந்த இரும்புத் தகடு வைத்த பூட்ஸ்தான் இவர்களின் வேதம். இவர்களுக்கு நேர் எதிரே இன்னொரு கூட்டம், குதிரை மிதித்தால் அந்தத் தகடு மடங்கி விரலையே நறுக்கிவிடும் என்று பயமுறுத்திக்கொண்டிருக்கிறது. இருவருக்கும் கணக்கால்தான் பதில் சொல்ல வேண்டும். ஐ.எஸ்.ஓ. 20345 என்ற உலகத் தரமும் அதை ஒட்டிய நம்முடைய ஐ.எஸ். 15298-உம் விரல் தகட்டுக்கு இரண்டு சோதனைகள் வைக்கின்றன. ஒன்று 200 ஜூல் அடி. 20 கிலோ எடை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுவது போன்றது. மற்றொன்று 15 கிலோநியூட்டன் அழுத்தம், அதாவது சுமார் ஒன்றரை டன் எடை. இரண்டையும் தாங்கிய பிறகும் 42-ஆம் சைஸ் பூட்ஸில் விரலுக்கு மேலே 14 மில்லிமீட்டர் இடம் மிஞ்ச வேண்டும் என்பது விதி. இனிக் குதிரை. நிற்கும்போது அதன் எடையில் ஏறக்குறைய அறுபது சதவீதம் முன்னங்கால்களில் இருக்கிறது. 500 கிலோ குதிரையின் ஒரு முன்னங்கால் தாங்குவது 150 கிலோ. மற்ற மூன்று கால்களையும் தூக்கிக்கொண்டு அது நம் விரல்மேல் ஒற்றைக்காலில் தவம் செய்தாலும் அரை டன்தான். தகட்டை மடக்க அது போதாது. சோதனைத் தட்டு தட்டையானது, லாடத்தின் விளிம்போ கூரியது என்று ஒரு தடை எழுப்பலாம். நியாயமான தடை. ஆனாலும் தகடே இல்லாத விரலுக்கு அந்த விளிம்பு என்ன செய்யும் என்பதையும் தடை எழுப்புபவர்தான் சொல்ல வேண்டும்.

ஆக, தகடு விரலை நறுக்கும் என்பது தவறு. அதனால் இரும்புமுனைக் கட்சி வென்றுவிட்டதா எனின், இல்லை. தகடு மூடுவது விரல்களை மட்டும். அதற்குப் பின்னால் புறங்கால் திறந்தே கிடக்கிறது, விரலைத்தான் மிதிக்க வேண்டும் என்று ஐ.எஸ்.ஓ. குதிரைக்கு உத்தரவு போடவில்லை. புறங்காலைக் காப்பது குதிரையின் தோளருகே, அது பார்க்கும்படி, அதன் கால் போகும் திசையைப் பார்த்து நிற்கும் பழக்கம்தான், அது எந்தக் கடையிலும் கிடைக்காது. எனவே தகடு இருந்தால் நல்லது, வாங்குங்கள். ஆனால் தகட்டுக்காக மூத்திரம் குடிக்கும் தோல் பூட்ஸை வாங்குவது, திருடனுக்குப் பயந்து கதவுக்கு இரட்டைப் பூட்டுப் போட்டுவிட்டுக் கூரையை மறந்த கதை. ரப்பரிலேயே தகடு வைத்தும், அடியில் ஆணி ஏறாத தகடு வைத்தும் வருகிறது. ஐரோப்பியத் தரப்பட்டியலில் அதற்கு எஸ்-5 என்று குறி.

அந்த அடித்தகடு ஏன் என்பதற்குப் பதில், இக்கட்டுரைக்கு வரக்கூடிய மிக வலுவான மறுப்பில் இருக்கிறது. பூட்ஸே எதற்கு? நம் நாட்டில் எத்தனையோ குதிரைக்காரர்கள் வெறுங்காலோடும் ரப்பர் செருப்போடும் காலமெல்லாம் லாயத்தில் வேலை செய்தவர்கள்தாமே? கால் கழுவுவது சுலபம், காற்றோட்டம் உண்டு, சாக்ஸ் சுருளும் சிக்கலே இல்லை. வியர்வைக் கணக்கை மட்டும் பார்த்தால் செருப்புக் கட்சி மற்ற எல்லாரையும் தோற்கடித்துவிடும் என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் லாயத் தரையில் இலத்தி மட்டும் கிடப்பதில்லை. லாடம் அடிப்பவர் வந்துபோன பிறகு நறுக்கிப்போட்ட ஆணி முனைகளும், கழன்ற லாடத்தோடு போன ஆணிகளும் வைக்கோலுக்குள் மறைந்திருக்கும். தசைவிறைப்பு நோயைத் தரும் டெட்டனஸ் கிருமியின் வித்துகள் மண்ணிலும் குதிரையின் குடலிலும் இலத்தியிலும் வாழ்கின்றன. காற்றுப் புகாத ஆழமான குத்துக்காயம் அதற்கு மிகவும் பிடித்த இடம். ஆணியும் இலத்தியும் ஒரே தரையில் இருக்கும் தொழில் இது. 1,100 நியூட்டன் விசையோடு ஆணி குத்தினாலும் உள்ளே ஏறக்கூடாது என்று அடித்தகட்டுக்குத் தரம் வகுத்திருப்பது இத்தகைய இடங்களுக்காகத்தான். செருப்புக் கட்சியின் மற்ற வாதங்கள் எல்லாம் சரி. இந்த ஒன்றுக்கு அவர்களிடம் பதில் இல்லை. பூட்ஸ் போடுகிறவர்களும் தடுப்பூசி போட்டுக்கொள்ளத்தான் வேண்டும் என்பது வேறு விஷயம்.

விலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆங்கில நாவலாசிரியர் டெர்ரி பிராட்செட் 1993-ல் தம் பாத்திரமான காவல்துறைத் தலைவர் வைம்ஸ் வாயிலாக ஒரு பூட்ஸ் பொருளாதாரத்தை வகுத்தார். பணக்காரர் ஐம்பது டாலர் கொடுத்துப் பத்து ஆண்டுக்கு உழைக்கும் பூட்ஸ் வாங்குகிறார், ஏழை பத்து டாலருக்கு ஓரிரு பருவமே தாங்கும் பூட்ஸை வாங்கி வாங்கி, அதே பத்து ஆண்டில் நூறு டாலர் செலவழித்தும் ஈரக் காலோடு நிற்கிறார் என்பது அதன் சாரம். வறுமையைப் பற்றி இது மிகச் சரியான கணக்கு. ஆனால் வைம்ஸ் நடந்தது நகரத் தெருவில். லாயத்தில் இந்தக் கணக்கு தடம் புரளும். அம்மோனியாவுக்கு விலைச்சீட்டு படிக்கத் தெரியாது. ஐந்து மடங்கு விலை கொடுத்த தோல் பூட்ஸ் ஐந்து மடங்கு காலம் உழைக்க வேண்டுமானால், அதைத் தினமும் தண்ணீர் விட்டு அலம்பி, நிழலில் ஒன்றிரண்டு நாள் உலர்த்தி, எண்ணெய் ஊட்டி, அதுவரை வேறொரு ஜோடியைப் போட்டுக்கொள்ள வேண்டும். அப்படியானால் வாங்க வேண்டியது ஒரு விலையுயர்ந்த ஜோடி இல்லை, இரண்டு சாதாரண ஜோடி. ஒன்று, காலையில் லாயம் கூட்ட, முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரை வரும் ரப்பர் பூட்ஸ். மற்றொன்று, பிறகு குதிரையைத் தேய்க்கவும் தண்ணீர் காட்டவும் தீவனம் போடவும் கணுக்கால் உயரத் தோல் பூட்ஸ். முதலாவதுக்குக் கூட்டி முடிந்ததும் ஒரு குழாய்த் தண்ணீர் போதும். இரண்டாவதுக்கு வாரம் ஒரு முறை விளக்கெண்ணெய் தடவலாம். சலவை சோடா மட்டும் வேண்டாம், அதுவும் காரம்தான்.

மிச்சமுள்ளவை சில்லறை விவகாரங்கள். சோலில் பள்ளம் ஆழமாக இருந்தால் இலத்தி அடைத்துக்கொண்டு வீடு வரை கூடவே வரும், பள்ளமே இல்லாவிட்டால் நனைந்த ரப்பர் விரிப்பில் வழுக்கும். நடுத்தரமானதே நல்லது. கயிறு கட்டும் பூட்ஸைக் கையால் தொடாதீர்கள், கட்டும் கயிறு மூத்திரத்தை உறிஞ்சி மேலே ஏற்றும், கொக்கிகளில் வைக்கோல் சிக்கும். பக்கவாட்டில் எலாஸ்டிக் வைத்த பூட்ஸ் 1830-களின் இறுதியில் லண்டனில் ஸ்பார்க்ஸ்-ஹால் என்பவர் விக்டோரியா மகாராணிக்காகச் செய்தது. மகாராணி எந்த லாயத்தையும் கூட்டவில்லை என்றாலும் அந்த வடிவம் லாயக்காரர்களுக்கே பொருந்தியது. எலாஸ்டிக் தளர்ந்தால் மரச்சீவல் உள்ளே விழத் தொடங்கும், அப்போது மாற்றிவிட வேண்டும். எந்த வேலைக்கான பூட்ஸாக இருந்தாலும் அதைப் போட்டுக்கொண்டு குதிரைமேல் ஏறாதீர்கள். முரட்டு சோலும் அகன்ற முனையும் அங்கவடியில் சிக்கிக்கொண்டால் விழும்போது கால் விடுபடாது, குதிரை நிற்காமல் ஓடும்.

கடைக்கு மாலையில் போங்கள், பகலெல்லாம் நின்ற கால் அப்போதுதான் தன் உண்மையான அளவில் இருக்கும். வேலைக்குப் போடும் தடித்த சாக்ஸையே போட்டுக்கொண்டு போங்கள். விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் விட்டு, குதிகால் எழும்பாத ஜோடியைத் தேர்ந்தெடுத்து, கடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்து பாருங்கள். பணம் கொடுப்பதற்கு முன் ஒரே ஒரு சோதனை பாக்கி. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒரு காலின் முனையால் மறுகாலின் குதிகாலை அழுத்தி, பூட்ஸைக் கழற்றிப் பாருங்கள். லாயத்தில் உங்கள் இரண்டு கைகளும் எந்த நிலையில் இருக்கும் என்பது உங்களுக்கே தெரியும். கையை வைக்காமல் கழலாத பூட்ஸ் எவ்வளவு நல்ல பூட்ஸாக இருந்தாலும் வாங்க வேண்டாம்.